டிம்பனிக்கு ஆள் இல்லை

அழைப்பிதழில் 'வசந்த கால இசை மாலை' என்று போட்டிருந்தது. காஞ்சிபுரத்தில் வசந்தம் என்பது கோயிலுக்குள் நடக்கும் ஓர் உற்சவம். அதே நாட்களில் வெளியே தார் ரோடு செருப்பில் ஒட்டும். இருந்தாலும் ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் குழு ஆண்டுதோறும் ஒரு கச்சேரி நடத்துகிறது, அதை வசந்த காலக் கச்சேரி என்றே சொல்கிறது. பனி உருகுகிற நாடுகளில் வைத்த பெயர். நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசிப்போம்.

குழுவில் இருபது பேருக்குக் கொஞ்சம் மேலே இருப்போம். சர்ச்சோடு ஒட்டிய ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. முதல் வயலின் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. பட்டுக்கடை சேல்ஸ்மேன் ஒருவர் டபுள் பேஸ். வயோலாவில் ஒரு நர்ஸ், டியூட்டி இல்லாத வாரங்களில். குழல், எக்காளம் வகையறா எங்களிடம் கிடையாது, அவற்றைச் சர்ச் ஆர்கனிஸ்ட் கீபோர்டில் வாசித்துவிடுவார். நான் இரண்டாம் வயலினில் கடைசி வரிசை. நாளிதழ் ஒன்றில் மாவட்டப் பக்கங்களைப் பல வருடம் பார்த்தவன், இப்போது அந்த வேலையில் இல்லை. என் அக்கா செல்லோ, உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின். வாலாஜாபாத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

நாங்கள் வாசிப்பது பரோக், கிளாசிக்கல். ஐரோப்பாவின் அரண்மனைகளிலும் தேவாலயங்களிலும் இருநூறு முந்நூறு வருடம் முன்பு எழுதப்பட்ட இசை. அதன் கட்டுமானத்தை எங்கள் ஊரில் யாருக்கும் அதிகம் விளக்க வேண்டியதில்லை. செல்லோவும் பேஸும் வாசிக்கிற கீழ் வரிக்குக் குழுவில் 'பாவு' என்று பெயர், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். மேலே குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற வயலின்கள் 'ஊடை'. "பாவு தொங்குது" என்று யாராவது கத்தினால் செல்லோ பக்கம் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று பொருள். அக்கா உட்கார்ந்திருக்கும்போது யாரும் அப்படிக் கத்தியதில்லை.

பாவு ஆளைக் கச்சேரி கேட்க வந்தவர்கள் கவனிப்பதில்லை. அக்கா அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை. ஆனால் சென்ற கிறிஸ்துமஸ் முடிந்ததும் குழுவை நடத்துகிற மாஸ்டர் அவளிடம் ஒரு பாட்டின் நோட்ஸைக் கொடுத்தார். பரோக் காலத்து ஆரியா. சோப்ரானோ, அதாவது உச்சக்குரல் பாடகி ஒருவர் பாடுவார், கூடவே தனிச் செல்லோ ஒன்று அவருக்குச் சமமாகப் பேசிக்கொண்டே போகும். மற்றவர்கள் பின்னால் மெல்ல வாசித்தால் போதும். பாடுவதற்குச் சென்னையிலிருந்து ஒரு விருந்தினர் வருகிறார், வெளிநாட்டில் படித்தவர். "செல்லோ நீங்கதான் டீச்சர்," என்றார் மாஸ்டர். குழுவில் சேர்ந்து இத்தனை வருடத்தில் அக்காவுக்குக் கிடைத்த முதல் சோலோ.

பள்ளி விட்டு வந்ததும் அவள் அதையே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். எங்கள் தெருவில் வீடுகள் சுவர் பகிர்ந்தவை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

"இன்னா டீச்சர், வூட்ல மாடு கன்னு போட்டுதா?"

"இன்னும் போடலபா. வலி வந்துக்கினு இருக்குது," என்றாள் அக்கா, வில்லைத் தந்தியிலிருந்து எடுக்காமலே.

மாசி முழுக்க, பங்குனி முழுக்க அந்த வலி வந்துகொண்டிருந்தது. கடைசியில் தெருவுக்கே அந்தப் பாட்டு பழகிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அதன் ஏற்ற இடத்தை முனகிக்கொண்டு குடம் தூக்கினார்கள்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீபோர்டும் வயலினும் சொல்லிக்கொடுப்பவர், வெளிநாட்டு இசைத் தேர்வுகள் எல்லாம் எழுதியவர். பொறுமைசாலி. கூரம் தாண்டி ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். எங்கள் பூர்வீகமும் அதே கிராமம். அவர்கள் ஊர், நாங்கள் காலனி. நடுவில் ஒரு மண் ரோடு, இப்போது சிமென்ட் போட்டுவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் இருபது வருடம் ஒரே ஹாலில் வாசித்திருக்கிறோம், அவர் ஒருநாளும் எங்களிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னது ஹாலில் யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

கச்சேரிக்கு மூன்று வாரம் இருந்தது. மாஸ்டர் ஸ்டாண்டைத் தட்டி இரண்டு செய்தி சொன்னார். சோப்ரானோ மேடம் தன்னோடு ஒரு செல்லோக்காரரை அழைத்து வருகிறார், ஆரியாவில் சோலோ அவர் வாசிப்பார். இரண்டாவது, கடைசி அயிட்டமான கிளாசிக்கல் சிம்பொனிக்கு இந்தத் தடவை நிஜ டிம்பனி கிடைத்துவிட்டது. சென்னையில் ஒரு கல்லூரி தருகிறது. டிம்பனி என்பது செம்பு அண்டா போல இரண்டு, வாயில் தோல் கட்டியது. ஒவ்வொன்றும் ஒரு சுரம் சொல்லும்.

"டிம்பனிக்கு டீச்சர் போயிடுங்க," என்றார்.

அக்கா நோட்ஸிலிருந்து தலை தூக்கினாள். "நானா?"

"உங்களுக்குக் கரெக்டா இருக்கும். ரெண்டே சுரம். எண்ணிக்கிட்டு உக்காரணும், எடம் வந்தா அடிக்கணும். உங்க ஆளுங்களுக்கு அது பொறப்புலயே வர்றது."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வயோலா நர்ஸ் வில்லை மடியில் வைத்தாள். அவளும் காலனியிலிருந்து வந்தவள்தான், வேறு ஊர்க் காலனி.

"மாஸ்டர்," என்றாள் அக்கா, வகுப்பில் விடை தப்பாகச் சொன்ன பிள்ளையைக் கூப்பிடும் குரலில். "எங்க ஆளுங்களுக்குத் தாளம் பொறப்புலயே வரும்னா, இதோ என் தம்பி ஏன் எல்லாப் பாட்டுலயும் ரெண்டு பார் முன்னாடி ஓடறான்?"

ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன், இரண்டு தாளக்கட்டு முன்னால் ஓடுவது உண்மை என்பதால். மாஸ்டரும் சிரித்தார். விஷயம் அதோடு போய்விடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். இதுல இன்னா இருக்குது? எங்க தாத்தா சாவுக்கு மேளம் வரல. அதையே எங்க வூட்ல யாரும் மனசுல வெச்சுக்கல."

சிரிப்பு நின்றது. விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பார்த்தார்கள்.

"மேளம் வரல," என்றாள் அக்கா. "ஆளு வந்தாங்க. எங்கப்பா மாலையோட வந்தாரு. உங்க வாசல்ல நிறுத்திட்டாங்க. அது உங்க வூட்ல சொல்லலியா?"

"எனக்குத் தெரியாது," என்றார் மாஸ்டர். அதுவும் உண்மை என்றே நினைக்கிறேன்.

நடந்ததை நான் பின்னாளில் இரு தரப்பிலும் கேட்டிருக்கிறேன், செய்திக்காக அல்ல, எனக்காக. ஊரில் சாவு விழுந்தால் காலனியிலிருந்து பறை போக வேண்டும், அதுதான் வழக்கம். சொல்லி அனுப்புவார்கள், போக வேண்டும். முடியாது என்கிற சொல்லே அந்த வழக்கத்தில் கிடையாது. எனக்கு நினைவு தெரியாத வயதில், அக்கா ஐந்தாம் வகுப்பு படித்தபோது, காலனி ஆண்கள் கூடி இனி சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் விழுந்த முதல் சாவு மாஸ்டரின் தாத்தாவுடையது.

அப்பா அவர் நிலத்தில் பல வருடம் உழுதவர். சாவுக்குப் போகாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. குளித்தார், சலவைச் சட்டை போட்டார், சைக்கிளில் காஞ்சிபுரம் வந்து சம்பங்கி மாலை ஒன்று வாங்கிக்கொண்டு போனார். கூட நாலைந்து பேர். செத்தவருக்கு மாலை போடுவது ஊரில் எல்லோரும் செய்வதுதான். காலனியிலிருந்து யாரும் அதுவரை செய்ததில்லை.

"மேளம் எங்கடா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"மேளம் இல்லீங்க. மாலை இருக்குது."

இந்த இரண்டு வரியை ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். மாலை என்ன ஆனது என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார் என்பது ஒரு தரப்பு. வீட்டுக்கே கொண்டுவந்து ஆணியில் மாட்டினார் என்பது இன்னொன்று. அப்பாவிடம் கேட்டபோது, "மாலைதானே, விடு" என்றார். இப்போது அவரும் இல்லை.

அந்தப் பருவம் காலனியில் ஒருவரையும் அறுப்புக்குக் கூப்பிடவில்லை. அப்பா வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார், பிறகு எங்களை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டார். குடியிருந்த தெருவுக்கு எதிரே சர்ச் பள்ளிக்கூடம். அங்கே பாட்டு டீச்சர் அறையில், யாரும் தொடாமல், ஒரு பழைய செல்லோ சுவரில் சாய்ந்திருந்தது. உயரத்தில் அது அக்காவைவிடப் பெரியது. பறையை விடாமல் இருந்திருந்தால் எங்களுக்கு வாலாஜாபாத் இல்லை, காஞ்சிபுரம் இல்லை, அந்த அறையும் இல்லை. இதை அக்கா ஒருநாளும் இப்படிச் சேர்த்துச் சொன்னதில்லை. செய்தியாளன் பழக்கத்தில் நான் சேர்க்கிறேன்.

ஹாலுக்குத் திரும்புகிறேன். மாஸ்டர் தணிந்த குரலில், "டீச்சர், இது பறை இல்ல. சிம்பொனி," என்றார்.

"தெரியும் மாஸ்டர். அந்த டிரம் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. பறை மேலயும் இல்ல. இத்தன பேர்ல என்னைப் பார்த்ததும் உங்களுக்கு அது ஞாபகம் வந்துச்சு பாருங்க, அதுதான்." வில்லைத் துடைத்து உறையில் போட்டாள். "நான் டிம்பனிக்குப் போகமாட்டேன். செல்லோவ விட்டும் போகமாட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன்."

வந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். ஆரியா ஒத்திகையில் சோலோ நாற்காலியில் உட்கார்ந்து சோலோவை வாசித்தாள். மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கையை ஆட்டி முடித்து, அடுத்த அயிட்டம் என்றார். டிம்பனி வேனில் வந்து இறங்கி, போர்வை போர்த்தி, மூலையில் நின்றது.

அக்காவுக்கு எதிரான முதல் வாதம் வீட்டிலிருந்தே வந்தது. அவள் மகள் ஏனாத்தூரில் கல்லூரி படிக்கிறாள். அங்கே மாணவர்களின் பறைக் குழு ஒன்று இருக்கிறது, அதில் இவள்தான் முன்வரிசை. பல மேடைகள் ஏறியவள். இரவுச் சோறு சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"ம்மா, நீ பண்றது ஓல்டு. பறைன்னா இப்ப கெத்து. சாவுக்கு அடிக்கிறதா யாரு பாக்கறாங்க? நாங்க ஆடிக்கினே அடிச்சா கலெக்டர் எழுந்து நிக்கறாரு."

"நிக்கட்டும்."

"அது நம்ம வாத்தியம், ம்மா. வெக்கப்பட்டா அவங்க ஜெயிச்ச மாதிரி."

"யாருடி வெக்கப்பட்டா? நீ அடிக்கிறப்ப முதல் வரிசையில உக்காந்து கை தட்டினது யாரு?" அக்கா மோர் ஊற்றினாள். "நீ எடுத்து அடிச்சா அது உன் பெருமை. அவங்க எடுத்து உன் கையில குடுத்தா அது வேல. உங்க தாத்தா அந்த வேலயத்தான் வுட்டாரு."

"மாமா, நீ சொல்லு," என்று என்னிடம் திரும்பினாள்.

"நான் ரெண்டு பார் முன்னாடி ஓடுறவன். என்னைக் கேக்காத," என்றேன்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டைக் கழுவும்போதும், "ஓல்டுதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

கச்சேரிக்கு முந்தின நாள் விருந்தினர்கள் வந்தார்கள். சோப்ரானோ ஐம்பதை நெருங்குகிற பெண்மணி, பருத்திப் புடவை, கையில் தண்ணீர் பாட்டில். செல்லோக்காரர் முப்பதுக்குள் இருக்கும் இளைஞர். ஆரியாவுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோலோ நாற்காலியில் அக்கா இருந்தாள். இளைஞர் தன் செல்லோவைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"ஆன்ட்டி, இந்த சீட்..." என்றார்.

"மொதல்ல அக்கான்னு சொல்லுப்பா. அப்புறம் சீட்டப் பத்திப் பேசலாம்."

சோப்ரானோ மாஸ்டரைப் பார்த்தார். "யார் வாசிக்கறாங்க?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள்.

"நான் வாசிக்கறேன் மேடம். கிறிஸ்துமஸ்லேர்ந்து இத வாசிச்சுக்கினு இருக்கேன். கேட்டுட்டு வேணாம்னா சொல்லுங்க, எழுந்து பாவு பக்கம் போயிடறேன். கேக்காம சொல்லாதீங்க."

சோப்ரானோ பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். "சரி. ஆரம்பிங்க."

வாசித்தார்கள். பாதியில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்க எனக்கு மூச்சு விட எடமே குடுக்கல," என்றார் அக்காவிடம். "நீங்க பாட்டுக்கு அழகா போயிக்கிட்டே இருக்கீங்க. இங்க ஒரு மனுஷி பாடறா."

"எங்க மூச்சு வேணும்னு காட்டுங்க."

பென்சில் வந்தது. இருவரும் ஒரே ஸ்டாண்டின் மேல் குனிந்தார்கள். இங்கே, இங்கே, இந்த ஏற்றத்துக்கு முன்னால் பெரியதாக ஒன்று. அக்கா கேள்வி கேட்டாள், அவர் பாடிக் காட்டினார். ஓரிடத்தில் அக்கா, "இங்க நீங்க இழுக்கறீங்க, நோட்ல அப்படி இல்ல," என்றாள். சோப்ரானோ நோட்ஸைப் பார்த்து, "இல்லதான்," என்று ஒத்துக்கொண்டார், ஆனால் அப்படியேதான் பாடுவேன் என்றார். சீட்டைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. இளைஞர் பேஸ்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இடைவேளையில் தேநீரோடு அக்காவிடம் வந்தார்.

"அக்கா, உண்மையச் சொல்றேன். நான் இத கார்லதான் பாத்தேன். நீங்க எழுந்திருந்தா நான் செத்திருப்பேன்."

"சாவாதப்பா. இங்க மேளத்துக்கு ஆள் இல்ல," என்றாள் அக்கா. வயோலா நர்ஸுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

சிம்பொனி பாக்கி இருந்தது. போர்வையை எடுத்தார்கள். செம்பு வயிறுகள் இரண்டும் டியூப்லைட்டில் மின்னின. பின்னால் நாற்காலி காலி. மாஸ்டர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். அக்கா மகள் செல்லோ பெட்டியைத் தூக்கி வந்தவள், ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பறை அடிப்பது ஊருக்கே தெரியும். மாஸ்டர் பார்வை அவளிடம் போய் நின்றது. அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வி எல்லோருக்கும் கேட்டது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வில்லுக்கு ரெசின் என்கிற பிசின் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேவைக்கு மேலேயே.

மகள் போனை இறக்கினாள். "மாஸ்டர், எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. ரெண்டு மாசம் முன்னாடி கூப்பிட்டிருந்தா கத்துக்கினு வந்திருப்பேன். இன்விடேஷன்ல கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்னு பேர் போட்டு கூப்பிடுங்க, வரேன். காலியா இருக்குதுன்னு கூப்பிட்டா வரமாட்டேன்."

"ஓல்டு," என்றாள் அக்கா, ரெசினைப் பார்த்தபடி.

மகள் சிரித்துவிட்டாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. டிம்பனி இல்லாமலே வாசித்துவிடலாம், கீபோர்டில் போட்டுவிடலாம் என்று ஆர்கனிஸ்ட் சொன்னார். மாஸ்டர் குழு நடத்தும் தன் குச்சியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, முதல் வயலின் அம்மாவிடம், "நீங்க தலையசைச்சு நடத்துங்க," என்றார். நடந்து போய் டிம்பனிக்குப் பின்னால் நின்று, உருண்டை முனைக் குச்சிகள் இரண்டையும் எடுத்தார். பிடிக்கத் தெரியவில்லை. எப்படிப் பிடிப்பது என்று செல்லோ இளைஞர் போனில் ஒரு வீடியோ தேடிக் காட்டினார்.

மறுநாள் ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பட்டுக்கடை முதலாளிகள், பாதிரியார், இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்கள். மாஸ்டரின் கிராமத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்து இரண்டாம் வரிசையைப் பிடித்திருந்தார்கள். அன்று சாயங்காலம் சாமி புறப்பாடும் இருந்தது. வாகனம் வீதியில் வரும்போது மேலே ஒயரில் இடிக்கக் கூடாது என்று அந்தந்தத் தெருவில் கரண்ட்டை நிறுத்துவார்கள். ஹால் இருக்கும் தெருவில் ஆரியாவின் நடுவில் நிறுத்தினார்கள்.

ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன. மைக் போனது. கீபோர்டும் செத்தது, பின்னணி இசையில் பாதி அதுதான். ஜன்னலில் வெளிச்சம் இருந்ததால் நோட்ஸ் தெரிந்தது. வீதியிலிருந்து நாதஸ்வரமும் தவிலும் உள்ளே வந்தன, வேறு சுருதியில், வேறு தாளத்தில். சோப்ரானோவின் குரல் ஒரு சுரத்தில் தயங்கியது. நான் என் வயலினைக் கீழே இறக்கப் போனேன்.

அக்கா நிறுத்தவில்லை. வில்லை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், அவ்வளவுதான். பென்சிலில் குறித்த அந்தப் பெரிய மூச்சு வந்தது. அக்கா இடம் விட்டாள். முழுசாக விட்டாள், வீதித் தவில் மட்டும் கேட்கிற அளவுக்கு. பாடகி அவளைப் பார்த்து மூச்செடுத்து மேலே ஏறினார். அதிலிருந்து பாட்டு முடியும்வரை இரண்டு குரல்தான். மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். இடையில் அக்கா ஒரு சுரத்தைத் தப்பாகவும் வாசித்தாள், நான் கவனித்தேன். அதைக் குறிப்பிடாமல் விட்டால் இது செய்தியாகாது.

கைதட்டல் வந்தபோது சோப்ரானோ திரும்பி அக்காவை எழுந்திருக்கச் சொல்லிக் கை காட்டினார். அக்கா எழுந்து நின்றாள். கும்பிடவில்லை, குனியவில்லை. செல்லோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் பிரேயர் நடக்கும்போது நிற்பதுபோல நேராக நின்றாள். எங்கள் தெருவில் குடம் தூக்கும் பெண்கள் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார்கள், அவர்கள்தான் கடைசியாகக் கை தட்டி ஓய்ந்தார்கள்.

சிம்பொனி தொடங்குவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மாஸ்டர் கோட்டோடு டிம்பனிக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டாம் வரிசையில் ஒரு சலசலப்பு. அவர் எண்ணிக்கொண்டே நின்றார், உதடு அசைந்தது. இடம் வந்ததும் அடித்தார். செம்பு அண்டா அதிர்ந்ததில் என் நாற்காலிக் கால் வழியாக அது ஏறியது. நல்ல சத்தம். அவருக்கு முகமெல்லாம் வியர்வை. நான் அன்று முன்னால் ஓடவில்லை, ஓட முடியவில்லை, காதைக் கூர்மையாக வைத்து அவரையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கூட்டம் மேடைப் பக்கம் வந்தது. மாஸ்டரின் சித்தப்பா, வெள்ளை வேட்டி, தடித்த மீசை, டிம்பனி அருகில் வந்து நின்றார். அக்கா இரண்டடி தள்ளி செல்லோவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்பா, நீ எதுக்கு இத அடிச்ச? ஆளா கெடைக்கல?"

மாஸ்டர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "கெடைக்கல சித்தப்பா."

"கூப்பிட்டா வருவாங்களே."

"கூப்பிட்டேன். வரல." கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். "நானும் வந்திருக்கமாட்டேன்."

சித்தப்பா அண்டாவின் விளிம்பை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வேனைத் தேடிப் போனார்.

மாஸ்டர் குச்சிகளை உறையில் போட்டார். அக்கா பெட்டியின் கொக்கியை மாட்டி நிமிர்ந்தாள். அவர் அவளிடம், "டீச்சர், டிசம்பர் கச்சேரிக்கும் ஒரு சிம்பொனி வெச்சிருக்கேன்," என்றார். அதற்கு மேல் போகவில்லை.

"வெச்சுக்கோங்க மாஸ்டர். டிரம் நீங்களே கத்துக்கோங்க," என்றாள் அக்கா. "இன்னிக்கு ரெண்டு எடத்துல லேட்டா வந்தீங்க."

மகள் பெட்டியைத் தோளில் ஏற்றினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் எங்கள் பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

"எந்த ரெண்டு எடம்?" என்று கேட்டார்.